பச்சை ஸ்டிக்கர் போதாது



வீட்டைப் பழுதுபார்த்து, மொட்டைமாடியில் உட்கார இடம் அமைக்கலாம் என்று பெயின்ட் கடைக்குப் போனால், டப்பாவுக்கு டப்பா 'எக்கோ' என்று பச்சை ஸ்டிக்கர். உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியவில்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல் அமலில் இருக்கிறது. சுற்றுச்சூழலுக்கு உகந்த பொருள்களுக்கென மண்பானைச் சின்னத்துடன் 'எக்கோமார்க்' முத்திரையை மத்திய அரசு 1991-லேயே கொண்டுவந்தது. கடைகளில் அந்தப் பானை கண்ணில் படுவதே அரிது.

இத்தனைக்கும் நல்ல பொருள் எங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடியின் மேல் வண்ணக் கலவையை ஊற்றி, மணலும் சிமென்டும் இட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கிறார்கள். இடித்த வீடுகளின் தேக்கு நிலைகளும் ஜன்னல்களும் காரைக்குடிக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன, இழைத்து எண்ணெய் பூசினால் மாடி பெஞ்சுக்குப் புது மரம் வேண்டாம். சுவருக்கான சுண்ணாம்புப் பூச்சுக்குத்தான் கொத்தனார் கிடைப்பதில்லை. அந்த வேலையை ஐ.டி.ஐ.களில் அரசு கற்றுத்தர வேண்டும். எக்கோமார்க் பெற்ற பொருள்களின் பட்டியலை ஹார்டுவேர் கடைகளில் தமிழில் ஒட்டச் சொல்ல வேண்டும்.

- ஒரு வாசகி, தேவகோட்டை