மரத்துக்குச் சட்டம், கூலிக்காரனுக்குக் குண்டா?

திருமுல்லைவாயில் ஸ்டேஷனில் ஷிப்டுக்கு ரயிலேறும் தோழர்கள் தினமும் பார்க்கும் தண்டவாளம்தான், அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகச் செம்மர மலைகளின் அடிவாரத்துக்குப் போகிறது. சேஷாசலம், வெலிகொண்டா முதலிய தென் ஆந்திர மலைகளையும் அவற்றை ஒட்டிய சில இடங்களையும் விட்டால், உலகில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை.

செழித்த மண் இதற்கு வேண்டாம். கல்லும் சரளையுமான சரிவில், குறைந்த மழையில் வளரும். கோடையில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும். வைரம் பாயப் பல பத்தாண்டுகள் ஆகும். பாய்ந்த பின் கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும்; அவ்வளவு கனம். சீனாவில் அது சீமான் வீட்டு நாற்காலி. ஜப்பானில் ஷாமிசென் என்னும் வாத்தியத்தின் தண்டு. அழிந்துபோகும் என்று அஞ்சி, 1995-லேயே சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்த்தது சரியே.

ஆனால் வெட்டப் போகிறவன் யார்? ஜவ்வாது மலையிலும் சித்தேரி மலையிலும் மழையை நம்பி சாமை விதைக்கும் ஏழை. அறுவடை முடிந்தால் வேலை இல்லை. ஏஜெண்ட் வருகிறான், முன்பணம் நீட்டுகிறான், உள்ளூர்க் கூலியைப் போல் பல மடங்கு தருவதாகச் சொல்கிறான். கோடரி எடுத்தவன் கட்டையைத் தோளில் சுமந்து மலை இறங்குகிறான். அப்புறம் அது லாரி, கிடங்கு, துறைமுகம் என்று போய், வேறு சரக்கின் பேரில் கப்பலேறுகிறது. கொள்ளை லாபம் அங்கேதான்!

2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலத்தில் ஆந்திர அதிரடிப் படை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். சிலரைப் பஸ்ஸிலிருந்தே இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று தப்பி வந்தவர்கள் சொன்னார்கள். 2013 டிசம்பரில் அதே காட்டில் வன அலுவலர் இருவர் கொல்லப்பட்டதையும் நாம் மறக்கவில்லை. அவர்களும் சம்பளத்துக்கு உழைத்தவர்களே. அந்தக் கொலையை நாம் கண்டிக்கிறோம். அதற்காக, பிடித்து வழக்குப் போட வேண்டிய கூலிகளைச் சுட்டுத் தள்ளுவதா? பிடிபட்ட கட்டைகளையோ 2014-ல் சர்க்காரே ஏலம் போட்டுப் பல நூறு கோடி ரூபாய் திரட்டியது. கட்டைக்கு ஏலம், சுமந்தவனுக்குச் சவக்குழி!

காடு காக்கப்பட வேண்டும். ஆனால் துப்பாக்கியால் அது முடியாது. ஜவ்வாது, சித்தேரி மலைகளில் வருஷம் முழுவதும் வேலை கொடுங்கள். 2006 வன உரிமைச் சட்டப்படி பட்டா கொடுங்கள். ஏல வருமானத்தில் ஒரு பங்கை அந்த 20 குடும்பங்களுக்கு ஒதுக்குங்கள். கப்பலேற்றியவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிடுங்கள். கோடரி பிடித்தவன் பெயர்தான் ஏற்கெனவே பத்திரிகையில் வந்துவிட்டதே!