தபால் தலை அளவு காகிதம்! அதில் இருப்பது என்ன?
எல்.எஸ்.டி.: கட்டுக்கதை எது? உண்மை எது?

வெள்ளிக்கிழமை பொழுது விடிவதற்கு முன்பே வேப்பூர் விழித்துக்கொள்கிறது. அன்று ஆட்டுச் சந்தை!

சுற்று வட்டாரத்துக் கிராமங்களிலிருந்து வெள்ளாடுகளும் செம்மறி ஆடுகளும் வந்து இறங்குகின்றன. வெளியூர் வியாபாரிகள் விலை பேசுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் பணம் கைமாறுகிறது.

ஆடு விற்ற பணம் எங்கே போகிறது?

பல வீடுகளில் பதில் ஒன்றுதான். "பையன் பட்டணத்தில் படிக்கிறான். அவனுக்குப் பணம் கட்டவேண்டும்!"

வேப்பூர் கூட்டுரோட்டில் நின்றால் சென்னைக்கும் பஸ் உண்டு, திருச்சிக்கும் உண்டு. பையன் பஸ் ஏறுகிறான். தாய் கட்டுச்சோறு கொடுக்கிறாள். தந்தை, "கெட்ட பழக்கம் வேண்டாம், தம்பி" என்கிறார். அவ்வளவுதான் புத்திமதி.

ஒரு நாள் இரவு. விடுதி அறை. நண்பன் ஒருவன் சிறிய காகிதத் துண்டு ஒன்றை நீட்டுகிறான். அதில் வண்ணப் படம் அச்சாகியிருக்கிறது. "நாக்கில் வைத்துப் பார். ஒன்றும் ஆகாது!" என்கிறான்.

அந்த நிமிடத்தில் பையனைக் காப்பாற்றப் போவது எது? பயமா? பயம் சிறிது நேரம்தான் நிற்கும். உண்மை தெரிந்திருந்தால் அதுவே அவனுக்குத் துணை!

கம்பு வயலில் ஒரு விஷம்

அந்தக் காகிதத்தில் தடவியிருப்பதற்கு எல்.எஸ்.டி. என்று பெயர். அது எங்கிருந்து வந்தது? அதன் பூர்வீகத்தைக் கேட்டால் கம்பு விளைவிக்கும் குடியானவர்களுக்குச் சட்டென்று புரியும்.

கம்பு பூக்கும் சமயத்தில் மேகமூட்டமும் ஈரமும் சேர்ந்தால் சில கதிர்களில் தேன்போலப் பிசுபிசுப்பான நீர் வடியும். எறும்பும் ஈயும் மொய்க்கும். இதுதான் தேன் ஒழுகல் நோய். பிறகு மணி இருக்கவேண்டிய இடத்தில் கறுத்த, கெட்டியான ஒரு பொருள் வளரும். இது ஒரு பூஞ்சணத்தின் வேலை. இங்கிலீஷில் இதற்கு 'எர்காட்' என்று பெயர்.

ஐரோப்பாவில் 'ரை' என்ற தானியத்திலும் இதே குடும்பத்துப் பூஞ்சணம் வரும். பல நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தத் தானியத்தில் ரொட்டி சுட்டுத் தின்றவர்களுக்குக் கைகால்கள் நெருப்பில் வெந்ததுபோல எரிந்தன, கறுத்து அழுகின. சிலருக்கு வலிப்பு வந்தது. ஜனங்கள் அதைத் தெய்வக் குற்றம் என்றே நினைத்தார்கள்!

இந்தியாவிலும் இந்தப் பூஞ்சணம் கை வரிசையைக் காட்டியது உண்டு. 1956-57இல் அன்றைய பம்பாய் மாநிலத்தின் தென்பகுதியிலும், 1975இல் ராஜஸ்தானிலும் நோய் பிடித்த கம்பைத் தின்றவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் மயக்கமான தூக்கமும் உண்டாயின. கம்பில் வரும் விஷம் ரையில் வருவதைப்போல அவ்வளவு கொடியதல்ல. ஆனாலும் விஷம் விஷம்தான்!

அதே பூஞ்சணத்திலிருந்து நல்ல மருந்தும் கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பிறகு தாய்க்கு இரத்தம் நிற்காமல் போனால் டாக்டர்கள் போடும் ஊசி மருந்துகளில் ஒன்று இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. எத்தனையோ தாய்மார்களின் உயிரை அது காப்பாற்றியிருக்கிறது.

ஒரே பூஞ்சணம். அதில் விஷமும் இருக்கிறது; மருந்தும் இருக்கிறது. எவ்வளவு, யார் கையில், எதற்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சைக்கிளில் போன விஞ்ஞானி

ஸ்விட்சர்லாந்து நாட்டில் பாசல் என்ற ஊர். அங்கே சாண்டோஸ் மருந்துக் கம்பெனியில் ஆல்பர்ட் ஹாப்மன் என்ற விஞ்ஞானி வேலை பார்த்தார். எர்காட்டிலிருந்து புதிய மருந்துகள் செய்ய முயன்றார். 1938இல் அவர் எல்.எஸ்.டி.யைத் தயாரித்தார். அதனால் பயன் இல்லை என்று அப்போது ஒதுக்கி வைத்துவிட்டார்கள்.

1943 ஏப்ரலில் அதை மறுபடி செய்தபோது அவருக்குத் தலை கிறுகிறுத்தது. "இது என்ன?" என்று அறிய, ஏப்ரல் 19ஆம் தேதி தாமே ஒரு மில்லிகிராமில் கால் பங்கு உட்கொண்டார். மிகச் சொற்பம் என்று நினைத்தார். ஆனால் அதுவே மிக அதிகம்!

பேச்சுக் குழறியது. யுத்த காலம், ஆகவே சைக்கிளில் வீடு திரும்பினார். வீட்டுச் சாமான்கள் அசைவதுபோலத் தெரிந்தன. பால் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாள் சூனியக்காரியாகத் தெரிந்தாள்! "செத்துப்போகிறேன்" என்றே அவர் நம்பினார். டாக்டர் வந்து பார்த்தார். கண்மணி விரிந்திருந்ததே தவிர, உடம்பில் வேறு கோளாறு தென்படவில்லை. மறுநாள் காலையில் அவர் சரியாகிவிட்டார்.

உடம்பு சரியாக இருந்தது; மனம் உடைந்து சிதறியது. எல்.எஸ்.டி.யின் குணம் அந்த ஒரு நாளிலேயே வெளிப்பட்டுவிட்டது.

நல்ல எண்ணத்தில் ஒரு பொய்!

1960களில் அமெரிக்க வாலிபர்களிடையே எல்.எஸ்.டி. பரவியது. அரசாங்கம் தடை போட்டது. கூடவே வதந்திகளும் கிளம்பின.

1968 ஜனவரியில் பென்சில்வேனியா மாகாண அதிகாரி ஒருவர் திடுக்கிடும் செய்தி ஒன்றைச் சொன்னார். எல்.எஸ்.டி. தின்ற ஆறு மாணவர்கள் மயக்கத்தில் சூரியனையே வெறித்துப் பார்த்துக் கண்ணை இழந்துவிட்டார்களாம்! பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன.

சில நாட்களில் குட்டு வெளிப்பட்டது. அப்படி ஆறு மாணவர்களே இல்லை! செய்தி முழுப் பொய் என்று மாகாண கவர்னரே அறிவித்தார். பிள்ளைகள் கெட்டுப்போகிறார்களே என்ற கவலையில் அந்த அதிகாரி கட்டிவிட்ட கதை அது.

எண்ணம் நல்லதுதான். பலன் என்ன? "பெரியவர்கள் சொல்வதெல்லாம் பொய்" என்று வாலிபர்கள் சிரித்தார்கள். மெய்யான ஆபத்தைச் சொன்னபோதும் நம்பவில்லை. "புலி வருது, புலி வருது" என்ற கதைதான்!

கட்டுக்கதைகள்

எல்.எஸ்.டி. முதுகுத்தண்டில் ஆயுள் முழுவதும் தங்கிவிடும் என்பார்கள். இல்லை. ஓரிரு நாளில் உடம்பிலிருந்து அநேகமாக முழுவதும் வெளியேறிவிடும்.

ஒரு தடவை தின்றால் சாராயம், அபின்போல உடம்பு அதற்கு அடிமையாகிவிடும் என்பார்கள். இல்லை. எல்.எஸ்.டி.யை நிறுத்தினால் உடம்பு நடுங்குவதில்லை. மறுநாளே தின்றால் போதை முன்போல ஏறுவதும் இல்லை.

பரம்பரையே ஊனமாகிவிடும் என்று 1967இல் ஒரு பயம் கிளம்பியது. உயிரணுக்களில் உள்ள குரோமோசோம்கள் உடைவதாகச் சொன்னார்கள். பிறகு நடந்த ஆராய்ச்சிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த விஞ்ஞானிகள், சாதாரண அளவில் அப்படி ஆவதில்லை என்று 1971இல் எழுதினார்கள். இதற்காகக் கர்ப்பிணிகள் அதைத் தொடலாம் என்று அர்த்தமல்ல. கூடவே கூடாது!

மறுபக்கத்துக் கட்டுக்கதைகளும் உண்டு. "இது இயற்கைப் பொருள்" என்பார்கள். இல்லை. பூஞ்சணத்தின் சத்தை ரசாயனக் கூடத்தில் மாற்றிச் செய்வது இது. கம்பங்கூழ் குடித்தால் இந்தப் போதை வராது; நோய் பிடித்த கம்பைத் தின்றால் வாந்திதான் வரும்!

"டாக்டர்களே கொடுக்கிறார்கள்" என்பார்கள். மனக்கவலை நோய்களுக்கு இது உதவுமா என்று சில நாடுகளில் ஆராய்ச்சி நடப்பது மெய். அங்கே அளவு தெரிந்த சுத்தமான மருந்தைத் தருகிறார்கள். முன்கூட்டியே உடலையும் மனத்தையும் பரிசோதிக்கிறார்கள். போதை தெளியும்வரை பக்கத்திலேயே ஆள் இருக்கிறார். விடுதி அறையில் இவற்றில் எது இருக்கிறது?

உண்மையான ஆபத்துகள்

அப்படியானால் பயப்படவேண்டியது எதற்கு?

முதலாவது, அளவு. 1 கிராமை 10 ஆயிரம் பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்கே ஒருவரின் புத்தியைப் புரட்டிப்போடப் போதும். அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் போதை ஏறும். 8 முதல் 12 மணி நேரம் வரை நீடிக்கும். நடுவில் "போதும்" என்றால் நிற்காது. ஓடும் பஸ்ஸில் இறங்க முடியாமல் தவிப்பதைப்போன்ற நிலை!

இரண்டாவது, பயங்கரக் காட்சிகள். இல்லாதது தெரியும். இருப்பது மாறித் தோன்றும். நெஞ்சு படபடக்கும். இரத்த அழுத்தம் ஏறும். கிலி பிடித்தவன் ரோட்டில் ஓடலாம், மாடியிலிருந்து விழலாம். எல்.எஸ்.டி. தானே கொல்வது அபூர்வம். ஆனால் அந்த மயக்கத்தில் நேரும் விபத்து கொல்லும்!

மூன்றாவது, மனநோய். குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு போன்ற நோய் இருந்தால் அந்த வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். உள்ளே உறங்கும் நோயை இது தட்டி எழுப்பிவிடக்கூடும். மனநோய்க்கு லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வலிப்பே வரக்கூடும். சிலருக்கு மருந்து உடம்பை விட்டுப் போன பிறகும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் கண்ணில் கோடும் ஒளியும் தோன்றுவதுண்டு.

நான்காவது, மோசடி. இதுதான் பெரிய ஆபத்து! காகிதத்தில் தடவியிருப்பது எல்.எஸ்.டி.தானா? கண்ணுக்குத் தெரியாது. எல்.எஸ்.டி. என்று சொல்லி 'என்-பாம்' என்ற வேறு ரசாயனத்தைத் தடவி விற்கிறார்கள். அதைத் தின்று பல நாடுகளில் வாலிபர்கள் இறந்திருக்கிறார்கள். "போன தடவை ஒன்றும் ஆகவில்லையே!" என்பது இந்தத் தடவைக்கு ஜாமீன் ஆகாது.

சட்டம் சும்மா விடாது

இந்தியாவில் 1985ஆம் ஆண்டு போதைப் பொருள் சட்டப்படி எல்.எஸ்.டி. குற்றம். சிறு அளவு வைத்திருந்தாலே ஓர் ஆண்டு வரை கடுங்காவல் அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 0.1 கிராமுக்கு மேற்பட்டால் வியாபார அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகம் 20 ஆண்டு கடுங்காவல். லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதம்! சுத்தமான மருந்தை மட்டுமல்ல, அதோடு கலந்த பொருளையும் சேர்த்தே எடை பார்க்கவேண்டும் என்று 2020இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது.

2023 ஜூன் மாதம் மத்திய போதைப் பொருள் தடுப்புப் பிரிவினர் 14,961 எல்.எஸ்.டி. துண்டுகளைப் பிடித்தார்கள். இன்டர்நெட்டில் மறைவாக ஆர்டர் எடுத்து, தபாலிலும் கூரியரிலும் அனுப்பிய கூட்டம் அது. சிக்கியவர்களில் படித்த இளைஞர்கள் இருந்தார்கள்.

தபால் போகாத ஊர் உண்டா? ஆகவே இது பட்டணத்துச் சங்கதி என்று கிராமத்தார் ஒதுக்கிவிட முடியாது.

பேய் அல்ல, அடிக்கவேண்டாம்!

ஒரு பையன் திடீரென்று பிதற்றுகிறான். சுவரைப் பார்த்து அலறுகிறான். கண்மணி விரிந்திருக்கிறது. வீட்டார் என்ன செய்வார்கள்? சிலர், "பேய் பிடித்துவிட்டது" என்று வேப்பிலை அடிக்க அழைத்துப் போவார்கள். சிலர் கட்டிப்போட்டு அடிப்பார்கள். இரண்டும் தவறு. ஏற்கெனவே கிலி பிடித்தவனுக்கு இன்னும் கிலி ஏறும்.

அமைதியான அறையில் உட்காரவைக்கவேண்டும். தனியே விடக்கூடாது. பழகியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, "இது மருந்தின் வேலை, தெளிந்துவிடும்" என்று மெல்லச் சொல்லவேண்டும். தூங்குவதற்கென்று சாராயம் கொடுக்கக்கூடாது. காய்ச்சல், வலிப்பு, நெஞ்சுவலி, கட்டுக்கடங்காத வெறி கண்டால் உடனே 108 ஆம்புலன்ஸ்! டாக்டரிடம் எதையும் மறைக்கக்கூடாது.

போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற எண்ணுக்கும், மனக்கலக்கத்துக்கு 14416 என்ற எண்ணுக்கும் இலவசமாகப் போன் செய்யலாம்.

உப்புத் தண்ணீர்ப் பாடம்

கம்பு விதையில் கலந்த விஷத்தைக் குடியானவர் எப்படிப் பிரிக்கிறார்? 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ உப்பைக் கரைக்கிறார். விதையைக் கொட்டுகிறார். நல்ல மணி அடியில் தங்குகிறது. நோய் பிடித்தது மேலே மிதக்கிறது. அதை அள்ளி எறிந்துவிட்டு, நல்ல விதையை இரண்டு மூன்று தரம் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்துகிறார்.

நோய் இருக்கிறது என்று பயந்து அவர் கம்பு விதைப்பதையே நிறுத்திவிடவில்லை. நோயே இல்லை என்று பொய்யும் சொல்லவில்லை. பிரித்துப் பார்த்தார், அவ்வளவுதான்!

பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியும் அப்படித்தான் இருக்கவேண்டும். பொய்யை மேலே மிதக்கவிட்டு அள்ளி எறியவேண்டும். உண்மை மட்டும் அடியில் தங்கவேண்டும். "அப்பா சொன்னது ஒன்றும் பொய் இல்லை" என்று ஒரு தடவை அறிந்த பையன், விடுதி அறையிலும் அந்தச் சொல்லை நம்புவான்.

தப்பு செய்துவிட்டாலும், பயந்து ஒளியாமல் வீட்டுக்குப் போன் செய்வான். "அப்பா, தெரியாமல் செய்துவிட்டேன்" என்பான். அந்தப் போன் வந்துவிட்டால் போதும். பாதி ஆபத்து நீங்கியது!

அடுத்த வெள்ளிக்கிழமையும் வேப்பூரில் சந்தை கூடும். ஆடு விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு தந்தை வீடு திரும்புவார். அந்தப் பணத்தோடு இந்த உண்மையையும் சேர்த்து அவர் பிள்ளைக்கு அனுப்பட்டும்!