இருண்ட அரங்கில் இறகுப்பந்து

ஓவியம் சுவரில் நிற்கும். செய்யுள் ஏட்டில் நிற்கும். ஆட்டமோ நிகழுங்கால் உளதாய், முடிந்தவுடன் இலதாகும். உயர்ந்தெழுந்து பந்தை அடித்த அக்கணத்தை நிறுத்தவல்லது நிழற்படமே. அங்ஙனமாகவும், கல்லூரி மலர்களைப் புரட்டுவோர் காண்பன யாவை? கோப்பையை நடுவில் வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டு, இரு வரிசையாக வெயிலில் நிற்கும் குழுப் படங்களே. ஆடினர் என்பதற்கு அவை சான்றாகும். எங்ஙனம் ஆடினர் என்பதற்குச் சான்றாகா. உள்ளரங்கில் எடுத்த படம் தெளிவாயிராது என்பதே இதற்குக் கூறப்படும் காரணம். இக்காரணம் பொருந்தாதென்பது எம் கருத்து.

அரங்கு இருண்டிருத்தல் இறகுப்பந்தாட்டத்தின் இயல்பைப் பற்றியது. தஞ்சையில் தோன்றியதென்று கூறப்படும் பூப்பந்தாட்டம் கம்பளிப் பந்து கொண்டு வெட்டவெளியில் ஆடப்படுவது. 16 இறகுகளாலாகிய இறகுப்பந்தின் எடையோ 4.74 முதல் 5.50 கிராம் வரையே. மெல்லிய காற்றும் அதனை வழிமாற்றும். ஆதலின் சுவரும் கூரையும் வேண்டியவாயின. சாளரங்களையும் அடைக்க நேர்கின்றது. வெண்பந்து கண்ணுக்குப் புலனாதற்பொருட்டுப் பின்புறம் கருநிறமாயிருத்தல் நன்று. ஆடுவோர்க்கு நலமான இவையே படமெடுப்போர்க்கு இடராகின்றன. பெரும்போட்டிகள் நிகழும் அரங்குகளில் விளக்குகள் இவ்விடரைத் தீர்க்கும். சிற்றூர் அரங்குகளில் எரிவனவோ சில விளக்குகளே.

இவ்விடரின் அளவை ஒரு சிறு கணக்கால் அறியலாம். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் பந்து, ஒரு நொடியின் 125-இல் ஒரு பங்கு நேரத்தில் ஏறக்குறைய 44 சென்டிமீட்டர் கடந்துவிடும். 1000-இல் ஒரு பங்கு நேரத்தில் ஐந்தரைச் சென்டிமீட்டரே கடக்கும். முன்னையதில் பந்து வெறுங்கோடாய்த் தேயும்; பின்னையதில் பந்தென அடையாளம் காணலாம். ஆனால் கருவியின் கதவு அத்துணை விரைவாக மூடின் உட்புகும் ஒளி எட்டில் ஒரு பங்காகக் குறையும். அக்குறையை ஈடுசெய்ய வழி இரண்டு. லென்ஸின் துளையை எஃப் 5.6 என்னும் அளவினின்று எஃப் 2 வரை விரித்தல் ஒன்று, ஐ.எஸ்.ஓ. என்னும் ஒளியுணர்வை 800-இலிருந்து 6400-க்கு உயர்த்துதல் மற்றொன்று. துளையை விரித்தால் தெளிவாய்த் தோன்றும் ஆழம் சுருங்கும். ஒளியுணர்வை உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோற் புள்ளிகள் தோன்றும். இவற்றோடு, நம் மின்னோட்டம் நொடிக்கு 50 சுற்றுடையதாகலின் விளக்குகள் பல நொடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். அடுத்தடுத்து எடுத்த இரு படங்களுள் ஒன்று வெளுத்தும் மற்றொன்று கறுத்தும் இருப்பது இதனாலேயாம்.

ஃபிளாஷ் இருக்க இத்துன்பம் எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். மேனோக்கிப் பந்தைத் தேடும் கண்ணில் திடீரெனப் பேரொளி பாயுமாயின், அப்புள்ளியை இழப்பவர் ஆடுபவரேயன்றிப் படமெடுப்பவர் அல்லர். உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பின் போட்டிகளில் அது விலக்கப்பட்டதும் இதுபற்றியே. அன்றியும் அதனாற் பயனும் சிறிதே. ஆடுகளத்தின் நீளம் 13.40 மீட்டர். 4 மீட்டர்த் தொலைவில் நிற்பவர்மேல் விழும் ஒளியில் ஒன்பதில் ஒரு பங்கே 12 மீட்டர்த் தொலைவில் நிற்பவரைச் சேரும். அண்மையில் உள்ளவர் முகம் வெளுக்க, எதிரில் உள்ளவர் இருளில் மறைவர். இருவர் ஆடிய ஆட்டம் ஒருவர் படமாய் முடியும்.

ஒளி குறைந்தவிடத்து உதவுவது ஆட்டத்தைப் பற்றிய அறிவு. 2023-ஆம் ஆண்டில் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த பந்தின் வேகம் மணிக்கு 565 கிலோமீட்டர் எனக் கின்னஸ் நூலில் பதிவாயிற்று. அவ்வேகம் மட்டையை விட்டகலும் கணத்திற்கே உரியது. இறகுகள் காற்றை எதிர்ப்பதால் பந்து விரைவில் தளர்ந்துவிடும். துள்ளியெழுந்தவரும் உச்சியில் ஒரு கணம் ஏறுதலும் இறங்குதலுமின்றி நிற்பர். வலையருகே பந்தை மெல்லத் தட்டுங்கால் கையும் கண்ணும் ஒன்றுபட்டு நிலைக்கும். இக்கணங்களை முன்னறிந்து காத்திருப்பவர்க்கு 500-இல் ஒரு பங்கு நொடியும் போதுமானதாகலாம். விலை மிக்க கருவி இல்லாதவரும், 50 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸ் ஒன்றைக் கொண்டு களத்தின் மூலைக்கு வெளியே அமர்ந்து, நல்ல படம் எடுத்தல் கூடும். பத்து ஆட்டங்களைப் பொறுமையோடு பார்த்த பின்னரே பதினோராவது ஆட்டத்தைப் படமெடுக்கத் தொடங்குக என்போம்.

படத்திலுள்ள புள்ளிகளைக் கண்டு நாணுதல் வேண்டா. அவை அவ்வரங்கில் ஒளி குறைவு என்பதற்கு மெய்ச்சான்று. இந்நாளில் செயற்கை நுண்ணறிவால் புள்ளிகளைத் துடைத்து முகத்தைப் பளபளப்பாக்கும் வழிகள் கைப்பேசியிலேயே உள. புள்ளிகளை ஓரளவு தணித்தல் குற்றமன்று. ஆயின் கருவி காணாத இமையையும் இதழையும் ஊகித்து வரைவது வேறு. அஃது ஆடியவர் முகமன்று. அவர்போன்ற ஒருவர் முகம்.

2024-ஆம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில் தமிழ்நாட்டு மங்கையராகிய துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாசும் நித்யஸ்ரீ சிவனும் வெண்கலமும் இறகுப்பந்தில் வென்றனர். பாரிசில் ஆடுவோரைப் படமெடுக்க உலகமே திரண்டு நிற்கும். உள்ளூரில் முதன்முதல் மட்டை பிடிப்போரைப் படமெடுப்பார் யார்? கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அணித்தாயுள்ள எம் வடக்கனந்தலை ஈண்டு நினைக்கின்றோம். அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட கள்ளக்குறிச்சி, விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமானது 2019-ஆம் ஆண்டில்தான். அம்மாவட்டத்தின் பெயரால் ஆடப் புகுந்த முதல் தலைமுறையினர் இன்றைய மாணவரே. அவருள் ஒருவர் முதற்சுற்றிலேயே தோற்று, மாலைப் பேருந்தில் வீடு திரும்பக்கூடும். கோப்பைப் படத்தில் அவர்க்கு இடமில்லை. கழனி வேலையை விட்டு வரவியலாத பெற்றோர் அவர் ஆடியதை ஒருநாளும் கண்டிரார். புள்ளி நிறைந்த படம் ஒன்று கையிற் கிடைப்பின், தம் மகளோ மகனோ நிலத்தினின்று இரண்டடி எழுந்து நின்ற கணத்தை அவர்கள் காண்பர். வென்றவர்க்குக் கோப்பை உண்டு. தோற்றவர்க்கு அப்படமேனும் வேண்டாவோ?

ஆதலின் நேயர்காள்! அரங்குகளுக்கு நல்ல விளக்குகள் வேண்டுமென்று கேட்போம். அவை வருங்காறும் வாளாவிராது, உள்ள ஒளியிலேயே படமெடுப்போம். ஆடுவோர் கண்ணைக் கூசச் செய்யாதிருப்போம். அவர் முகத்தை மாற்றாதிருப்போம். குழுப் படம் ஒன்று வெளியிடுமிடத்து, ஆட்டத்தின் நடுவில் எடுத்த படம் ஒன்றையும், தோற்றவராயினும் நன்கு ஆடியவர் படம் ஒன்றையும் உடன் வெளியிடுவோமாக.