குரலும் துத்தமும் ஒரு பழைய மடிக்கணினியும்

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஏறத்தாழப் பதினேழு ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு நரம்புகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவோம். அடியார்க்கு நல்லார் உரையிலிருந்து சில குறிப்புகள் சொல்வோம். மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். தேர்வில் அது ஐந்து மதிப்பெண் வினாவாகத் திரும்பி வரும். குரலுக்கும் இளிக்கும் உள்ள உறவு காதுக்கு எப்படிக் கேட்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நம்மிடம் விடையும் இல்லை. முத்தமிழில் ஒன்றை ஓசையே இல்லாமல் கற்பிக்கும் வித்தையில் தமிழாசிரியர்களாகிய நாம் நன்றாகவே தேர்ந்துவிட்டோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி அதைக் கெடுத்தார். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பேருந்தில் வந்து படிப்பவர். நாமும் அதே தடத்தில் போய்வருகிறவர்தாம். ஆலப்பாக்கம் தாண்டியதும் பின்னிருக்கையிலிருந்து எழுந்து வந்து, காதணி ஒலிபெருக்கியின் ஒரு முனையை நீட்டி, “ஐயா, இளின்னு நீங்க சொன்னது இதுதானே?” என்றார். இரண்டு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒட்டிக்கொண்டு, அசையாமல் நின்றன. புதுச்சத்திரம் வரை அதையே கேட்டுக்கொண்டிருந்தோம். வீட்டில் மடிக்கணினியில் இசை அமைக்கப் பழகுகிறாராம். மின்னணு இசை என்றால் கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கியில் நெஞ்சைக் குத்தும் இரைச்சல் என்பதே அதுவரை நமது எண்ணம். அதை அவரிடம் சொல்லவும் செய்திருக்கிறோம் என்பதை வெட்கத்தோடு இங்கே பதிந்துவைக்கிறோம்.

அவருடைய செலவுக் கணக்கைக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம். மடிக்கணினி, அவருடைய அண்ணன் பள்ளியில் படித்தபோது அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்றது. அது நத்தையாகிவிட்டதால் லினக்ஸ் நிறுவி, பழைய நினைவகத் துண்டு ஒன்றை ஆயிரத்து இருநூறு ரூபாய்க்கு வாங்கிச் செருகியிருக்கிறார். தலையில் மாட்டும் ஒலிவாங்கி இல்லாத சாதாரண ஹெட்போன் ஆயிரத்து ஐந்நூறு. அவ்வளவுதான். ஒலியை வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, அடுக்கிப் பதிவு செய்ய ஆர்டோர், ஒலியை உண்டாக்க சர்ஜ் எக்ஸ்டி என்ற சின்தசைசர் மென்பொருள். மூன்றும் அவருக்குக் காசில்லாமல் கிடைத்தவை. பியானோ விசைப்பலகை கிடையாது. தட்டச்சு விசைகளே கட்டைகள். முதல் இரண்டு மாதம் விசையைத் தட்டினால் ஒலி தாமதமாக வந்ததாம். தாமதத்தைக் குறைத்தால் கரகரத்ததாம். இரண்டுக்கும் நடுவே ஒரு புள்ளியைக் கண்டுபிடிக்கவே பல இரவுகள் போயின என்றார். தாளத்துக்கு, வலையில் கிடைக்கும் ஆயத்தத் துண்டுகளைத் தொடாமல், துறைமுகத்தில் விசைப்படகின் இயந்திர ஓசையைக் கைப்பேசியில் பதிந்து நறுக்கிக்கொண்டார். ஆயத்தத் துண்டுகளை அடுக்குவது இசையமைப்பு ஆகாது என்பதில் அவருக்கு நம்மைவிடக் கடுமையான கருத்து உண்டு.

இந்த வசதியின் அருமை, சற்றே பின்னால் திரும்பிப் பார்த்தால் விளங்கும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் டேவிட் டியூடரின் துணையோடு ஒரு மூக் சின்தசைசர் நிறுவப்பட்டது. அதைத் தொட வாய்த்தவர்கள் மிகச் சிலர். 1982இல் பம்பாயின் சரண்ஜித் சிங், ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் இசைத்துத் தட்டு வெளியிட்டார். அன்று அதைச் சீந்துவார் இல்லை. 2010இல் மறுபதிப்பு வந்தபிறகே உலகம் வியந்தது. ஏ.ஆர்.ரகுமான் தம் வீட்டை ஒட்டியே ஒலிப்பதிவுக் கூடம் அமைத்துக்கொண்டது, 1992இல் ‘ரோஜா’ வந்தபோது நமது தலைமுறைக்குக் கதைபோல இருந்தது. இவர்கள் எல்லோருக்கும் கருவியே பெரும் தடை. இன்று அந்தத் தடை ஏறக்குறைய இல்லை. எனவே “வசதியில்லை” என்பது இனி விடையாகாது. வேறொரு தடை இருக்கிறது, அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தோம்.

இந்த மென்பொருள்கள் எல்லாம் ஒரு முன்முடிவோடு வருகின்றன. ஒரு தானத்தைப் பன்னிரண்டு சமக் கூறுகளாக வெட்டி வைத்திருக்கின்றன. அது பியானோவின் வசதிக்காக மேலைநாட்டார் செய்துகொண்ட ஏற்பாடு. ஆதார ஓசையை 440 அதிர்வெண் என்று வைத்தால், தம்புராவின் கார்வையில் தானாக எழும் அந்தர காந்தாரம் 550இல் நிற்கும். மென்பொருள் தருவதோ 554.37. இந்த வேறுபாடு அற்பமானது என்று நினைப்பவர்கள் ஆடாசிட்டியில் இரண்டு தடங்களை உண்டாக்கி, ஒன்றில் 550, மற்றொன்றில் 554.37 இட்டு ஒருசேர ஒலிக்கவிட வேண்டும். நொடிக்கு நான்கு முறைக்கு மேல் ஒலி எழுந்து தாழும். இயற்பியல் பாடநூலில் இதற்கு ‘விம்மல்’ என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, அவர் கவிஞராகத்தான் இருக்க வேண்டும். பேருந்தில் நாம் கேட்ட இளியோ விம்மவில்லை. மூன்றுக்கு இரண்டு என்ற சரியான பின்னத்தில் அவர் அதை வைத்திருந்தார்.

அந்தப் பின்னங்களை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டோம். “யாழ் நூல்ல இருந்துதான் ஐயா” என்றார். நாம் முதுகலையில் பெயர் மட்டும் மனனம் செய்த நூல். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்த விபுலாநந்த அடிகள், இதே சிதம்பரத்து மண்ணில் நடந்தவர், அறிவியல் பட்டதாரி. அரங்கேற்று காதையில் யாழாசிரியன் இயல்பு கூறும் அடிகளுக்கு விரிவுரைபோல அமைந்த அந்த நூலில், பழந்தமிழ் நரம்புகளைக் கணக்கிட்டுக் காட்டினார். 1947இல் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றம் நடந்தது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். அந்தக் கணக்கைப் படித்தவர்கள் உண்டு. கேட்டவர்கள் எத்தனை பேர்? நூலில் இருப்பவை எண்கள். கேட்பதற்குக் கருவி வேண்டும், கருவியைச் சுருதி கூட்டும் செவி வேண்டும். இன்று ஒரு வெற்று உரைக்கோப்பில் வரிக்கு ஒரு பின்னமாக எழுதி, சர்ஜில் ஏற்றினால் போதும். தட்டச்சு விசைகள் அந்த நரம்புகளாகிவிடும்.

தஞ்சை ஆபிரகாம் பண்டிதரின் கணக்கையும் அந்த மாணவி ஏற்றிப் பார்த்திருக்கிறார். ‘கருணாமிர்த சாகரம்’ 1917இல் வந்தது. தானத்தில் 22 சுருதிகள் என்ற கொள்கையைப் பண்டிதர் மறுத்து, 24 சமச் சுருதிகள் என்று நிறுவப் பாடுபட்டார். இந்த வழக்கைப் பற்றி நாமும் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்கிறோம். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, நமது கட்டுரை செவிடர் எழுதிய விமரிசனம் என்று பட்டது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல இப்போதும் துணியவில்லை. ஆனால் வழக்கு என்னவென்று முதல் முறையாகத் தெரிந்தது.

மறுப்புகளை அறிவோம். இசை கற்ற நண்பர் ஒருவர், “எந்திரத்தில் ஏது உயிர்?” என்றார். அவர் வீட்டில் காலையில் ஒலிப்பது மின்னணுச் சுருதிப்பெட்டி. பெங்களூரில் ராஜ் நாராயண் என்ற பொறியாளர், தாமே குழலும் வாசிப்பவர், 1979இல் தொடங்கிய ராடெல் நிறுவனத்தின் வழியாக இத்தகைய பெட்டிகள் கருநாடக இசை வீடுகளுக்குள் எப்போதோ புகுந்துவிட்டன. மற்றொரு மறுப்பு வலுவானது. நரம்புகளை நிறுத்திவிட்டால் பண் ஆகிவிடுமா? ஆகாது. மாணவியே ஒப்புக்கொண்டார். பின்னங்கள் சரியாக அமைந்தபின்னும் அவர் இசை பிணம்போலக் கிடந்ததாம். ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்குப் போகும் வளைவைத் திரையில் கோடாக வரைந்து வரைந்து, திருப்பாதிரிப்புலியூர்க் கோயிலில் ஓதுவார் பாடுவதோடு ஒப்பிட்டு அழித்து, மீண்டும் வரைந்திருக்கிறார். நான்கு விநாடி இசைக்கு ஒரு வாரம் ஆனது என்று சொன்னபோது குரலில் சலிப்பு இல்லை.

இந்த வட்டாரத்துக்கு இது புதிய சங்கடம் அன்று. தில்லைக் கோயிலின் அறையில் புற்று மூடிக் கிடந்த தேவார ஏடுகளை நம்பியாண்டார் நம்பி மீட்ட கதையை எல்லோரும் சொல்கிறோம். அதன் பிற்பகுதியை வேகமாகக் கடந்துவிடுகிறோம். ஏடு கிடைத்தது, பண் கிடைக்கவில்லை. அதற்காக எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணே பண்களை வகுத்துத் தந்தார். அந்த ஊர் இன்று விருத்தாசலம் அருகிலுள்ள இராசேந்திரப்பட்டினம், நமது கடலூர் மாவட்டம்தான். புராணம் அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நமக்கு விட்டுவைக்கவில்லை.

தமிழ் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் இசையமைப்பாளர் ஆக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. இளியைக் கேட்காமல் ஒருவர் முதுகலைப் பட்டம் பெறக்கூடாது என்கிறோம். அதற்கு ஆய்வகம் வேண்டாம், நிதி வேண்டாம், சென்னையில் இலட்சக்கணக்கில் கட்டணம் வாங்கும் பயிற்சி வேண்டாம். இசையமைக்கவே விரும்பும் பிள்ளைகளிடம், முதல் ஆறு மாதம் ஹெட்போனைத் தவிர எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்கிறோம். அதன்பிறகும் ஆசை தணியாவிட்டால், ஒரு சிறு விசைப்பலகைக்குக் காசு சேர்க்கலாம்.

வரும் பருவத்தில் அரங்கேற்று காதைக்கு மூன்று வகுப்புகள் ஒதுக்கியிருக்கிறோம். இரண்டாவதை அந்த மாணவியிடம் விட்டுவிட்டோம். மடிக்கணினியின் மின்கலம் இருபது நிமிடம்கூடத் தாங்காது. வகுப்பறையில் மின்செருகி கரும்பலகைக்கு எதிர்ச்சுவரில் இருக்கிறது. நீளமான ஒரு மின்நீட்டிப்புக் கம்பியை நாம் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறோம்.