எனக்கு வேணும்

போன ஞாயிற்றுக்கிழமை பார்த்த ஒன்று இந்த வாரம் முழுக்க என்னை விடவில்லை.

விடுமுறை வேதாகமப் பள்ளியின் நிறைவு நாள். பத்து நாளாகப் பிள்ளைகள் படித்த பாட்டு, செய்த கைவேலை எல்லாவற்றையும் பெற்றோர் முன்னால் காட்டுகிற நாள். கோயில் முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலி பரப்பியிருந்தார்கள். பாட்டெல்லாம் நன்றாக இருந்தது. ஒரு சின்னவள் களிமண்ணில் நோவாவின் பேழை செய்து வைத்திருந்தாள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து மட்டும் கூரையைத் தாண்டி வெளியே நின்றது. அதுவரை சந்தோஷமாகத்தான் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு ‘ஜெபம் சொல்லும் போட்டி’ என்று அறிவித்தார்கள்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்ததால் அவர் மடியிலிருந்த தாள் கண்ணில் பட்டது. மனப்பாடத்துக்கு 10, உச்சரிப்புக்கு 5, பாவனைக்கு 5.

நாலாவதாக வந்தவன் ஆறு வயதுப் பையன். கஞ்சி மொடமொடப்பு போகாத சட்டை, காலர் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. மைக்கைத் தணித்து வைத்தார்கள். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு பரமண்டல ஜெபத்தை ஆரம்பித்தான். பாதி வரை தடையில்லாமல் வந்தது. அப்பம் கேட்கிற இடத்தில் நின்றுவிட்டது. கண்ணைத் திறந்து அம்மாவைத் தேடினான். அம்மா வாயசைத்தாள். “சொல்லிக் கொடுக்காதீங்கம்மா” என்று ஒரு நடுவர் கையை உயர்த்தினார். பையனின் உதடு கோணியது. இறங்கி ஓடிப்போய் அம்மா சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

பிள்ளைக்கு ஜெபம் சொல்லிக்கொடுக்க வேண்டியவளே அந்த அம்மாதான். அவளைத்தான் சொல்லிக்கொடுக்காதே என்று தடுத்தார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

எதற்கெடுத்தாலும் பிள்ளைகளை மைக்குக்கு முன்னால் நிறுத்துவது, எதற்கெடுத்தாலும் ஷீல்டு கொடுப்பது எனக்குப் பிடிப்பதில்லை. ஓட்டத்துக்குக் கொடுக்கட்டும், ஓவியத்துக்குக் கொடுக்கட்டும். ஜெபத்துக்கு வேண்டாம். மத்தேயு ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இயேசு அந்த ஜெபத்தைக் கற்றுத் தருவதற்குச் சற்று முன்னால் சொல்வதே, பிறர் பார்வைக்காகத் தெருமுனையில் நின்று ஜெபிக்க வேண்டாம், உள்ளறையில் தனித்து ஜெபியுங்கள் என்பதுதான். அதே ஜெபத்துக்குப் பந்தல் போட்டுப் பாவனைக்கு மார்க் போட நமக்கு எப்படி மனம் வந்தது?

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. கத்தோலிக்கப் புனிதர் பிரான்சிஸ் சவேரியாரின் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டேன். மனசு சரியில்லாத நாளில் நான் தேடுகிற புத்தகம் அது. நான் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள். எங்கள் வீட்டில் ஜெபம், கத்தோலிக்கர் வீட்டில் செபம். ஆனாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள் ஜெபிக்கக் கற்றுக்கொண்ட கதையை அந்தக் கடிதங்களில் வாசிக்கும்போது அவை எனக்கும் சொந்தமாகிவிடுகின்றன.

1542 அக்டோபரில் அவர் முத்துக்குளித்துறைக்கு வருகிறார். தமிழ் தெரியாது. கரையோரப் பரதவர் சில ஆண்டுகளுக்கு முன்பே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். ஜெபம் கற்றுத்தரத்தான் ஆள் இல்லை. தமிழும் போர்த்துக்கீசியமும் தெரிந்தவர்களைக் கூட்டி உட்காரவைத்து, கர்த்தர் கற்பித்த ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளை எல்லாவற்றையும் தமிழாக்கச் செய்தார். அதைத் தானே நெட்டுருப் போட்டார். பிறகு கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருவில் அடித்தபடி போனார்.

மணிச் சத்தத்துக்குப் பிள்ளைகள் ஓடிவந்தார்கள். இன்னும் ஒரு ஜெபம், இன்னும் ஒரு ஜெபம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்ததில் தனக்குச் சாப்பிடவும் தூங்கவும் நேரமில்லை என்று அந்த ஆண்டே எழுதுகிறார். படித்ததை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். ஊரூராக நோயாளிகள் கூப்பிட்டபோது, எல்லா இடத்துக்கும் தன்னால் போக முடியாமல், ஜெபம் தெரிந்த பிள்ளைகளைத் தனக்குப் பதிலாக அனுப்பினார். அவர்கள் வீட்டாரையும் கூட்டிவைத்து, நோயாளியின் பக்கத்தில் எல்லாருமாக ஜெபம் சொன்னார்கள். பிள்ளைகளின் ஜெபத்தை அவர் அவ்வளவு நம்பினார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒரு பிழை இருந்தது. விசுவாசப் பிரமாணத்தில் ‘விசுவசிக்கிறேன்’ என்று வர வேண்டிய இடத்தில் ‘வேணும்’ என்று போட்டுவிட்டார்கள். 1544-இல் சவேரியாருக்கு அது பிடிபட்டது. கரையில் தன்னோடு ஊழியம் செய்த மன்சிலாஸுக்கு எழுதினார்: ‘வேணும்’ என்றால் ஆசைப்படுவது, நம்புவது ஆகாது; அந்தச் சொல்லை மாற்றிவிடுங்கள். அவர் திருத்தியது சரிதான். பிரமாணத்தில் அந்தச் சொல் இருக்க முடியாது. ஆனால் திருத்தம் வரும்வரை, வலை காயும் மணலில் வரிசையாக நின்று, கடவுளைக் குறித்துக் கையைக் கூப்பி ‘எனக்கு வேணும்’ என்று சொன்ன பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் நிறைந்துவிடுகிறது. பிள்ளையின் முதல் ஜெபம் அந்தச் சொல்தானே!

லூக்கா பதினொன்றாம் அதிகாரத்தில் சீஷர்கள் எங்களுக்கு ஜெபிக்கக் கற்றுத் தாரும் என்று கேட்கிறார்கள். ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இயேசு உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டது யாரை? அப்பாவிடம் மீனும் முட்டையும் கேட்கிற பிள்ளையை. பெரியவர்களுக்கு ஜெபத்தை விளக்கவே அவருக்குப் பிள்ளையின் ‘வேணும்’ தேவைப்பட்டிருக்கிறது.

அதே ஞாயிறு இரவு என் ஐந்து வயதுப் பேத்தி படுக்கையில் மண்டியிட்டாள். “இயேசப்பா, மணிக்குக் கால் சரியாகணும். எனக்கு மஞ்சக் கலர் சைக்கிள் வேணும். அம்மாவுக்குத் தலைவலி வரக் கூடாது.” மணி எங்கள் தெரு நாய், பைக்கில் அடிபட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. “சைக்கிள் எல்லாம் கேக்கக் கூடாது பாப்பா, முதல்ல நன்றி சொல்லு” என்றாள் என் மருமகள். “விடும்மா, அவ சொல்லட்டும்” என்றேன். செவ்வாய்க்கிழமை இரவு, யாரும் சொல்லாமலே, கண்ணை மூடியதும் அவள் சொன்னது: “மணி இன்னைக்கு நாலு காலையும் ஊனி நடந்துச்சு, பாத்தீங்களா இயேசப்பா?” நன்றி என்ற வார்த்தை அதில் இல்லை. அதைவிடப் பெரிய நன்றியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை. சைக்கிளை அன்று அவள் மறந்தே போனாள்.

கேட்டது கிடைக்காமல் போனால் பிள்ளையின் விசுவாசம் உடைந்துவிடாதா என்று பெற்றோர் பயப்படுகிறார்கள்.  எங்கள் சாயர்புரத்து ஆச்சிக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. நான் கேட்டு நடக்காத ஒவ்வொன்றுக்கும் அவள் பதில் ஒன்றுதான்: “கேட்டாச்சுல்லா? இனி அவரு பாத்துக்கிடுவாரு.” விளக்கம் கிடையாது. ஆனால் மறுநாளும் கேட்பதற்கு என்னை உட்கார வைப்பாள்.

ஆச்சி எனக்கு ஜெபத்தைப் பாடமாக நடத்தியதில்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, அரிக்கேன் விளக்கைத் தணித்து வைத்துக்கொண்டு, பாயில் உட்கார்ந்து முணுமுணுப்பாள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் தண்ணீர் குடிக்க எழுந்தேன். மோர் கொண்டுவருகிற அக்கா பெயர், சண்டை போட்டுக்கொண்டு பேசாமலிருந்த சித்தப்பா பெயர் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. அப்புறம் என் பெயர் வந்தது. “அந்தப் பிள்ளைக்குக் கணக்கு வரமாட்டேங்கு. நீரே பாத்துக்கிடும்.” தண்ணீர்ச் செம்பைப் பிடித்தபடி கதவு ஓரத்திலேயே நின்றேன். பகலில் அவள் என்னைத் திட்டிய விஷயம் அது. விடியற்காலையில் அதையே எனக்காக ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜெபம் என்றால் என்னவென்று அன்றைக்குத் தெரிந்தது.

அதற்காக மனப்பாடம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். சவேரியார் மனப்பாடமாகத்தான் கற்றுத்தந்தார். அவருக்குப் பின்னால் வந்து தமிழை ஊன்றிப் படித்த ஹென்றீக்கஸ் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 16 பக்கத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சிட்டார். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சேறிய முதல் புத்தகமே ஜெபம் சொல்லிக்கொடுக்கிற புத்தகம். மனப்பாடத்தின் அருமை எனக்கு ஆச்சியின் கடைசி நாட்களில்தான் புரிந்தது. ஞாபகம் போய்விட்டது. நான் யார் என்று தெரியவில்லை. சாப்பிட்டது நினைவில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பரமண்டல ஜெபத்தின் முதல் சொல்லை நான் எடுத்துக் கொடுத்தால், மீதியை ஒரு சொல் பிசகாமல் அவளே சொல்லி முடிப்பாள். சொந்த வார்த்தைகள் எல்லாம் கைவிட்ட பிறகு, ஏழு வயதில் படித்தது அவளுக்குக் கைகொடுத்தது. முதல் சொல்லை எடுத்துக் கொடுப்பதற்கு ஓர் ஆள் மட்டும் தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மா செய்ததும் அதைத்தான்.

ஆகவே சபைப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மே மாதம் அந்தப் போட்டியை எடுத்துவிடுங்கள். பாட்டுக்கும் பேழைக்கும் எத்தனை பரிசு வேண்டுமானாலும் கொடுங்கள், நானும் வாங்கித் தருகிறேன்.

பெற்றோருக்கும் ஒன்று. இன்றிரவு போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்காருங்கள். பரமண்டல ஜெபத்தைச் சேர்ந்தே சொல்லுங்கள், மறக்கிற இடத்தில் எடுத்துக் கொடுங்கள். பிறகு பிள்ளை தனக்கு வேண்டியதைக் கேட்கட்டும். சைக்கிளோ நாயோ, திருத்தாதீர்கள். உங்கள் ஜெபத்தில் பிள்ளையின் பெயரை அதன் காதில் விழும்படி ஒரு தடவை சொல்லுங்கள். முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.