யாருடைய வழக்கத்துக்கு மாறானது?

பன்றி விலா எலும்பை எண்ணெயில் பொரித்தால், அதற்கு ‘வழக்கத்துக்கு மாறான சமையல்’ என்று பெயர் வைக்கிறார்கள். யாருடைய வழக்கத்துக்கு மாறானது?

இவர்கள் சொல்லும் வழக்கம் என்பது ஓவன், புகைக்கூண்டு, இனிப்புச் சாறு தடவிய பார்பிக்யூ. அமெரிக்கத் தென்மாநிலங்களில் அந்தத் தீக்குழிகளின் முன் நின்று வெந்தவர்கள் பெரும்பாலும் அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்கள். மால் உணவகத்தின் மெனு அட்டையில் அந்த வரலாறு இருக்காது. விலை மட்டும்தான் இருக்கும்.

ஓவன் இல்லாத அடுப்படியின் அறிவு வேறு. விலாக்கறியில் சவ்வு அதிகம். பெரிய துண்டைப் பச்சையாகக் கொதிக்கும் எண்ணெயில் போட்டால் வெளியே கருகும், உள்ளே ரப்பராக இழுக்கும். ஆகவே மஞ்சள், உப்பு, தட்டிய இஞ்சி, பூண்டு சேர்த்து முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேகவைக்க வேண்டும். எலும்பு நுனியிலிருந்து கறி விலகுவதுதான் பதம். நாடாப்புழு பயம் காட்டுகிறவர்களுக்கும் இதுவே பதில்: உள்வரை வெந்த கறியில் புழு பிழைக்காது. பிறகு நீரை வடித்து, ஈரம் போக உலரவிட்டு, மிளகாய்த்தூள், மிளகு, அரிசிமாவு புரட்டி மூன்று நான்கு நிமிடம் பொரித்தால் போதும். வடித்த நீர் குழம்புக்கு ஆகும். எதுவும் வீணில்லை.

தைவானில் வரிசையே தலைகீழ். மாவு புரட்டிய விலாத்துண்டுகளை முதலில் பொரித்து, பிறகு சூப்பில் போட்டு ஆவியில் வேகவைப்பார்கள். சீனத்தில் சிறு துண்டுகளாக நறுக்கிப் பொரித்து மிளகும் உப்பும் தூவுவது சாதாரண உணவகப் பண்டம்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். பக்கத்துக் குடகில், நிலமும் துப்பாக்கியும் கையில் வைத்திருக்கும் கொடவர்கள், கச்சம்புளி ஊற்றிய பன்றிக்கறியைத் திருமணப் பந்தியில் பெருமையாகப் பரிமாறுகிறார்கள். சுற்றுலா போகும் நம் ஊர் ஆதிக்க சாதியினர் அதைச் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் படமும் போடுகிறார்கள். அதே கறி சேரியில் வெந்தால் மட்டும் மூக்கைப் பொத்துவது ஏன்? பன்றிக்கறி சமைப்பவர் என்று தெரிந்தால் வாடகைக்கு வீடு இல்லை என்பது ஏன்? தீட்டு கறியில் இல்லை. யார் தின்கிறார் என்பதில் வைக்கப்பட்டிருக்கிறது.

“பன்றி மலம் தின்னும்” என்பார்கள். ஊரின் கழிவையெல்லாம் சேரிப்பக்கம் திருப்பிவிட்டது பன்றியா? மனிதரைக் கையால் மலம் அள்ளவைப்பதைத் தடைசெய்து 1993லும் 2013லும் சட்டம் போட்ட பிறகும் மலக்குழிக்குள் மனிதரை இறக்கிக்கொண்டே இருப்பது பன்றியா? அசுத்தத்தைச் செய்தவர்கள் ஊருக்குள் சுத்தமாக இருக்கிறார்கள். அதன் நடுவே வாழ வைக்கப்பட்டவர்களும் அவர்களது விலங்கும் அசுத்தமாகிவிட்டார்கள்!

பக்தி பேசுவோர் பெரியபுராணத்தைத் திறக்கட்டும். வேடர் திண்ணன் பன்றியை வேட்டையாடி, நெருப்பில் வதக்கி, மென்று ருசி பார்த்து, நல்ல துண்டுகளைச் சிவனுக்குப் படைத்தான். பதறிப்போய்க் கழுவிவிட்டவர் சிவகோசரியார். சாமி ஏற்றுக்கொண்டது, பூசாரிக்குத்தான் தீட்டு. அந்த வேடனைக் கண்ணப்ப நாயனார் என்று கோயிலுக்குள் நிற்கவைத்தவர்கள், அவன் படைத்த கறியை மட்டும் வெளியே நிறுத்திவிட்டார்கள்.

முற்போக்குத் தோழர்களிடமும் ஒரு கேள்வி. மாட்டுக்கறி உண்ணும் உரிமைக்காக மேடை போட்டோம். சரியான வேலை. பன்றிக்கறியை ஏன் இன்னும் கறுப்பு பாலிதீன் பையில் சுற்றி எடுத்துப் போகிறோம்? இசுலாமியத் தோழர் பன்றியை விலக்குவது அவரது நம்பிக்கை. அவர் அதற்காக எவரையும் சேரிக்குத் தள்ளவில்லை. அவரைச் சீண்டுவதற்காகப் பன்றியைத் தூக்கும் சங்கிகளோடு நமக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உண்பவரின் மானமும் உண்ணாதவரின் மானமும் நமக்கு ஒன்றுதான்.

ஆகவே சமையுங்கள். பொரியுங்கள், வதக்குங்கள், குழம்பு வையுங்கள். எழுதும்போது ‘புதுமை’ என்று எழுதாதீர்கள். உங்கள் அம்மாவிடமோ பாட்டியிடமோ கற்றிருந்தால் அவர்கள் பெயரைப் போடுங்கள். வேறொருவர் வீட்டில் கற்றிருந்தால் அந்த வீட்டைச் சொல்லுங்கள். சமைத்தவர்களைத் தள்ளிவைத்துவிட்டுச் சமையலை மட்டும் எடுத்துக்கொள்வதும் தீண்டாமைதான்.