ரெண்டாவது மாம்பழம்

போன பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் ஒருத்தர், காபி டம்ளர் கைக்கு வந்ததுமே ஆரம்பித்தார்.

"தம்பி எங்க படிக்கிற?"

"என்.ஐ.டி. புதுச்சேரி மாமா."

"ஓ, பாண்டிச்சேரியா?"

"இல்ல மாமா. பேருதான் புதுச்சேரி. காலேஜ் காரைக்கால் பக்கம், திருவேட்டக்குடி."

"அக்கா எங்க படிச்சுது?"

"திருச்சி என்.ஐ.டி."

"அதானே பார்த்தேன்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் டம்ளரை வைத்துவிட்டு, இந்த வருஷம் நெல் என்ன விலை போகுது என்று அப்பாவிடம் பேசப் போய்விட்டார். அவர் மறந்திருப்பார். எனக்கு அந்த "அதானே" பஸ் ஏறி, மாயவரம் தாண்டி, தரங்கம்பாடி தாண்டி, ஹாஸ்டல் ரூம் வரைக்கும் கூடவே வந்தது.

இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்காவது வீட்டில் ஒரு "அதானே" இருக்கும் மக்களே. அண்ணனோ அக்காவோ உங்களுக்கு முன்னாடி பிறந்து, முன்னாடி படித்து, முன்னாடி மார்க் வாங்கி, முன்னாடி வேலைக்கும் போயிருப்பார்கள். அவர்கள் மேல் தப்பு இல்லை. ஆனால் அவர்கள் போட்டுவிட்டுப் போன தடத்தில்தான் ஊரே நம் காலை அளந்து பார்க்கிறது.

முதலில் இந்த அளவுகோலைப் பார்ப்போம். நம்ம காலேஜையே எடுத்துக்கொள்ளுங்கள். திருச்சி என்.ஐ.டி. 1964-ல் ஆர்.இ.சி.யாகத் தொடங்கியது. நம்முடையது 2010-ல் புதிதாக வந்த பத்து என்.ஐ.டி.க்களில் ஒன்று. நமக்கு வழிகாட்டிக் கல்லூரியே திருச்சிதான். நம்ம முதல் பேட்ச் சீனியர்கள் பாடம் படிக்க ஆரம்பித்ததும் திருச்சி வளாகத்தில்தான். அதாவது அண்ணன் வீட்டில் ஒண்டி வளர்ந்த தம்பி நாம். நடுவில் 46 வருஷ இடைவெளி. ரெண்டையும் பக்கத்தில் நிறுத்தி, "அங்க மாதிரி இங்க இல்லையே" என்று கேட்டால் அதில் கேள்வியே இல்லை, பதில்தான் இருக்கிறது. 1974-ல் திருச்சி எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

வீட்டிலும் இதே கதைதான். அக்கா என்னைவிட நாலு வயசு மூத்தவள். இன்றைக்கு இருக்கிற அவளையும் இன்றைக்கு இருக்கிற என்னையும் ஒப்பிடுகிறார்கள். நாலாவது செமஸ்டரில் அவள் எப்படி இருந்தாள் என்பது வீட்டில் யாருக்கும் ஞாபகம் இல்லை. முடிந்துபோன கட்டடத்தையும் சென்ட்ரிங் பலகை இன்னும் பிரிக்காத கட்டடத்தையும் பக்கத்தில் வைத்து எது அழகு என்று கேட்கிற மாதிரி. (சிவில் பையன், இப்படித்தான் உதாரணம் வரும், மன்னிக்கவும்.)

இது என் புலம்பல் மட்டும் இல்லை. அலெக்சாண்டர் ஜென்சன், சூசன் மெக்ஹேல் என்ற ரெண்டு ஆய்வாளர்கள் அமெரிக்கக் குடும்பங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. பெற்றோரிடம் "உங்க ரெண்டு பிள்ளைகளில் யார் படிப்பில் கெட்டி?" என்று கேட்டார்கள். பெரும்பாலானோர் மூத்த பிள்ளையைச் சொன்னார்கள். ஆனால் சராசரியாகப் பார்த்தால் மூத்தவர்களின் மார்க்குக்கும் இளையவர்களின் மார்க்குக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. பழைய மார்க்கைப் பார்த்துப் பெற்றோர் அந்த எண்ணத்துக்கு வரவில்லை. ஆனால் அந்த எண்ணம் பிள்ளைகளின் அடுத்தடுத்த மார்க்கில் தெரிந்தது. "அவன்தான் கெட்டி" என்று நினைத்த பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போனது.

ஏன் மூத்தவரைச் சொல்கிறார்கள்? வீட்டில் எந்த நாளில் பார்த்தாலும் மூத்தவர்தான் கஷ்டமான பாடத்தைப் படித்துக்கொண்டிருப்பார். தம்பி பெருக்கல் வாய்ப்பாடு சொல்லும்போது அக்கா அல்ஜீப்ரா போடுவாள். பார்க்கிற கண்ணுக்கு அக்கா அறிவாளியாகத் தெரிவாள். நாலு வருஷம் கழித்து அதே அல்ஜீப்ராவைத் தம்பி போடும்போது, அக்கா எங்கேயோ போயிருப்பாள்.

சரி, ஒப்பீடு நியாயமில்லை என்று எல்லாருக்கும் தெரியும். நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒப்பீடு நம்மை ரெண்டு விதமாகக் கெடுக்கும். ஒன்று, அவர்களை மாதிரி ஆகணும் என்று ஓட வைக்கும். இதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். இன்னொன்று, அவர்களை மாதிரி ஆகவே கூடாது என்று ஓட வைக்கும். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நான் மாட்டிக்கொண்டது இந்த ரெண்டாவதில்.

அக்கா படித்தது ஈ.சி.இ. வீட்டில் அவள் மேஜையில் எப்போதும் சால்டரிங் அயர்ன், பிரெட்போர்டு, துண்டு துண்டாக ஒயர் கிடக்கும். எட்டாம் வகுப்பில் நான் முதன்முதலாக எல்.இ.டி. எரிய வைத்தது அந்த மேஜையில்தான். ஒரு கோடை லீவு முழுக்கப் பழைய ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அது பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது. "அக்கா மாதிரியே வருவான் பாரு" என்று யாரோ சொன்னார்கள். அன்றைக்கு அந்த ரேடியோவை மூடி வைத்தவன்தான்.

ஜோசா கவுன்சிலிங்கில் சாய்ஸ் நிரப்பும்போது என் ரேங்குக்கு இங்கேயே ஈ.சி.இ. கிடைத்திருக்கும். நான் சிவிலை மேலே போட்டேன். வீட்டில் இன்றுவரை ரேங்க் எட்டவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையை முதன்முதலாக எழுதுவது இங்கேதான். அக்காவோடு ஒப்பிட முடியாத இடம் ஒன்று எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக எனக்குப் பிடித்ததையே விட்டுக்கொடுத்தேன்.

சிவில் பிடிக்காமல் இல்லை. சர்வே லேபில் உப்புக் காத்தில் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்பதுகூட எனக்குப் பிடிக்கும். ஆனால் நானாக அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல முடியவில்லை. அக்கா தேர்ந்தெடுத்ததைத் தலைகீழாகப் போட்டேன், அவ்வளவுதான். அப்போதும் என் வாழ்க்கையை முடிவு பண்ணியது அக்காதான், அவளுக்கே தெரியாமல்.

போன மாதம் ஒரு ராத்திரி இதை அவளிடமே போனில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: "அம்மா என்கிட்ட தினம் என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'தம்பியப் பாரு, நாள் தவறாம போன் பண்றான். உனக்குத்தான் வீட்டு ஞாபகமே இல்ல.' ஒவ்வொரு தடவ போன எடுக்கும்போதும் அதான்டா மனசுல ஓடும். அதனாலயே பல நாள் பண்றதில்ல."

நான் அவளை மாதிரி ஆகக் கூடாது என்று எலக்ட்ரானிக்ஸை விட்டேன். அவள் என்னை மாதிரி இல்லை என்று அம்மாவுக்குப் போன் பண்ணுவதையே குறைத்துக்கொண்டாள். ஒரே வீட்டில் ரெண்டு பேர், ஆளுக்கு ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மூத்தவர்களுக்கு இதெல்லாம் வலிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செஸ் வைஷாலியை யோசித்துப் பாருங்கள். வீட்டில் முதலில் செஸ் ஆடியது அவர்தான். அக்காவைப் பார்த்துத்தான் பிரக்ஞானந்தா காய் நகர்த்தக் கற்றுக்கொண்டார். 2013-ல் மேக்னஸ் கார்ல்சன் சென்னையில் ஒரே நேரத்தில் பல பேரோடு ஆடியபோது, அவரை ஜெயித்தவர்களில் சின்னப் பொண்ணு வைஷாலியும் ஒருவர். ஆனால் தம்பி 2018-ல் 12 வயசிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனதும், கேமரா எல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. அக்கா "பிரக்கோட அக்கா" ஆகிவிட்டார். அந்த நாட்கள் கஷ்டமாக இருந்தன என்று அவரே பேட்டிகளில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்.

அவர் ஆட்டத்தை விட்டுவிடவில்லை. தம்பி ஆடுகிறான் என்பதற்காக வேறு விளையாட்டுக்கும் போகவில்லை. 2023 டிசம்பரில் 2500 ரேட்டிங்கைத் தாண்டி, கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குத் தகுதி பெற்றார். தம்பிக்கு அப்புறம் ஐந்தரை வருஷம் கழித்து. உலகத்திலேயே அக்கா-தம்பி ரெண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர் ஆனது அதுதான் முதல் தடவை. 2024 ஏப்ரலில் டொரண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் ரெண்டு பேருமே ஆடினார்கள். கடைசி ஐந்து ஆட்டத்தையும் வரிசையாக வைஷாலி ஜெயித்தார். எனக்கு அதில் பட்டத்தைவிடப் பெரிதாகத் தெரிவது வேறு. தம்பி பெயர் வாங்கிய அதே பலகை முன்னாடி, "இது எனக்கும் பிடிக்கும்" என்று அவர் உட்கார்ந்தே இருந்தார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை.

"ஒப்பிட்டாத்தானேப்பா பசங்களுக்கு ரோஷம் வரும்?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். முன்மாதிரி வேறு, ஒப்பீடு வேறு. பிளஸ் டூவில் அக்காவோட பிசிக்ஸ் நோட்டு எனக்குக் கைகொடுத்தது. அதில் எந்தக் கணக்கு எப்படிக் கேட்பார்கள் என்று ஓரத்தில் எழுதி வைத்திருந்தாள். அது முன்மாதிரி, எப்படி என்று சொல்லித்தரும். "அக்கா 98 வாங்கினா, நீ?" என்பது ஒப்பீடு. அதில் எப்படி என்கிற விஷயமே இருக்காது. ரோஷம் வரும், ஆனால் அது படிப்பு மேல் வராது, அக்கா மேல்தான் வரும்.

நான் இப்போது செய்து பார்க்கிற சில விஷயங்களைச் சொல்கிறேன். எல்லாருக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

ஒன்று, சொந்தக்காரர்களிடம் வாதாடுவதை விட்டுவிட்டேன். "ஆமா மாமா, அக்கா செமயா படிப்பா. நான் என்ன படிக்கிறேன்னு கேளுங்க, சொல்றேன்" என்பேன். பாதிப் பேர் நிஜமாகவே கேட்கிறார்கள்.

ரெண்டு, அம்மாவிடம் கோபத்தில் கத்தாமல், சும்மா இருக்கிற நேரத்தில் குறிப்பாகச் சொன்னேன். "எப்பப் பார்த்தாலும் கம்பேர் பண்றீங்க" என்றால் "நான் எப்படா பண்ணேன்?" என்றுதான் வரும். "பொங்கலன்னிக்கு அவர் சொன்னப்ப நீங்களும் சிரிச்சீங்கம்மா, அது வலிச்சுது" என்று சொன்னேன். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் போனில் முதல் கேள்வி மார்க் பற்றி இல்லை, சாப்பாடு பற்றி இருந்தது.

மூன்று, எதையாவது எடுக்கும்போதோ விடும்போதோ என்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: அக்கா இதைத் தொட்டே இருக்காவிட்டால் நான் என்ன செய்திருப்பேன்? பதில் மாறினால், அங்கே முடிவு எடுத்தது நான் இல்லை.

நான்கு, இது சிலருக்கு வெறும் எரிச்சலோடு நிற்காது. தூக்கம் போய், கிளாஸ் போகப் பிடிக்காமல், நான் எதுக்குமே லாயக்கில்லை என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டால் ரூமிலேயே அடைந்து கிடக்காதீர்கள். ரூம்மேட்டிடமோ கவுன்சிலரிடமோ பேசுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம். தமிழிலேயே பேசலாம்.

இந்த ஊருக்கு வந்த பிறகுதான் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பார்த்தேன். ஆனி மாதம், மாடியில் இருந்தெல்லாம் மாம்பழம் வந்து விழும், கீழே கூட்டம் பிடிக்கும். கதை உங்களுக்குத் தெரியும். பரமதத்தன் ரெண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். புனிதவதி ஒன்றைச் சிவனடியாருக்குக் கொடுத்துவிடுகிறார். மதியம் சாப்பாட்டில் மிச்சம் இருந்த பழத்தைத் தின்ற பரமதத்தன், ருசி பிடித்துப்போய் இன்னொன்றையும் கேட்கிறான். அந்த அம்மா இறைவனை வேண்டி, கைக்கு வந்த பழத்தைக் கொண்டுவந்து வைக்கிறார். தின்றதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது, இது முதல் பழம் மாதிரி இல்லை என்று.

அந்த இடத்தில் அவன் கேட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. "ஏன் இது அது மாதிரி இல்லை?" என்று அவன் குறை சொல்லவில்லை. "இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டான். அதற்கப்புறம் அவன் பயந்து போனது வேறு கதை. ஆனால் கேள்வி சரியான கேள்வி. என் வீட்டில் ரெண்டாவது பழத்திடம் இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. உண்மையைச் சொன்னால், நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் ஹாஸ்டலுக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே அக்காவோட பழைய சால்டரிங் அயர்ன். நிலத்தடி நீர்மட்டம் அளக்க ஒரு சின்ன சென்சார் செய்து பார்க்கலாம் என்று இருக்கிறேன். கடலோர ஊர், உப்புத் தண்ணி உள்ளே ஏறுகிற ஊர், சிவில் பையனுக்கும் இங்கே சர்க்யூட் தேவைப்படும். இன்னும் எதுவும் வேலை செய்யவில்லை. நேற்று ஒரு ரெசிஸ்டரைக் கருக்கிவிட்டேன். அக்காவுக்குப் போட்டோ அனுப்பினேன். "எனக்கும் இப்படித்தான் ஆச்சு" என்று சொல்லவில்லை அவள். "இதுல என்னடா செய்யப் போற?" என்று கேட்டாள்.